தாம்சன் பாட்டும் அந்த முழக்கமும்

குரோஷியப் பாடகர் தாம்சனைப் பற்றிப் பேச்சு வந்தாலே, அரசியலை விடுங்க, பாட்டை மட்டும் கேளுங்க என்று ஒரு கோஷ்டி கிளம்பிவிடும். பாட்டைத்தான் கேட்டேன். சங்கடமே அதில்தான்.

இயற்பெயர் மார்கோ பெர்கோவிச். 1966இல் குரோஷியாவின் கடலோர வட்டாரமான டால்மேஷியாவின் உட்பகுதியில் சாவோக்லாவே என்ற கிராமத்தில் பிறந்தவர். 1991இல் யூகோஸ்லாவியா உடைந்து போர் மூண்டபோது ஊரைக் காக்கத் துப்பாக்கி தூக்கினார். கையிலிருந்த தாம்சன் துப்பாக்கியின் பெயரே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. சொந்த ஊர்ப் படையைப் பற்றி அவர் கட்டிய பாட்டு நாடு முழுக்கப் பரவியது.

இசையில் ஆள் கெட்டிக்காரர், மறுப்பதற்கில்லை. ஹெவி மெட்டலை உரசிக்கொண்டு போகிற கிட்டார், அதன் மேல் மலையோரக் கிராமத்து மெட்டு, கூட்டமாகப் பாடத் தோதான பல்லவி. பேரனுக்கு ராக், தாத்தாவுக்கு ஊர்ப்பாட்டு. 'லியெபா லி சி' பாட்டில் ஒவ்வொரு வட்டாரமாகப் பெயர் சொல்லி அழைப்பார். கால்பந்து மைதானத்தில் கேட்டால் புல்லரிக்கும். (அந்த வரிசையில் பக்கத்து நாடான போஸ்னியாவின் ஒரு பகுதியும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.) 2018 கால்பந்து உலகக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்துத் திரும்பிய குரோஷிய அணி, தலைநகர் ஸாக்ரெபின் வரவேற்பு மேடையில் அவரையும் ஏற்றியது. 2025 ஜூலை 5 அன்று அதே நகரின் குதிரைப் பந்தயத் திடலில் நடந்த கச்சேரிக்கு விற்ற டிக்கெட் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். நாட்டின் மக்கள்தொகையே நாற்பது லட்சத்தைத் தொடாது!

சரி, ஊர்ப் படையைப் பற்றிய அந்தப் போர்ப்பாட்டு எப்படித் தொடங்குகிறது? எடுத்த எடுப்பில் 'தாயகத்துக்காக' என்று ஒரு குரல், 'தயார்' என்று பதில். 1941 முதல் 1945 வரை நாஜிகளின் தயவில் குரோஷியாவை ஆண்ட பாசிஸ்ட் அமைப்பான உஸ்தாஷாக்களின் வணக்கம் அது. யசெனோவாட்ஸ் வதைமுகாமில் செர்பியர்களையும் யூதர்களையும் ரோமா மக்களையும் கொன்று குவித்தவர்கள் அவர்கள். 90களின் போரில் குரோஷிய வீரர்கள் சொன்னதைத்தான் பாடுகிறேன் என்பது தாம்சன் தரப்பு. 2020இல் ஒரு மேல் நீதிமன்றம், அந்தப் பாட்டில் அதைச் சொல்வது குற்றமில்லை என்றது. அரசியல் சாசன நீதிமன்றமோ அந்த முழக்கம் சாசனத்துக்கே முரண் என்கிறது.

திடலுக்கு வந்த அத்தனை பேரையும் பாசிஸ்ட் என்று நான் சொல்ல மாட்டேன். பலருக்கு அது இளவயது நினைவு, போரில் போன அண்ணன் தம்பி நினைவு. ஆனால் மெட்டு சுமாராக இருந்திருந்தால் இந்த முழக்கம் எப்போதோ செத்திருக்கும். அதைப் பிறந்த குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு தலைமுறை தாண்டி வந்திருப்பது அந்தக் கிட்டாரும் அந்த ஊர்மெட்டும்தான். அப்புறம் எப்படிப் பாட்டை மட்டும் தனியாகக் கேட்பது? ஊரைக் காத்தவர் என்ற மரியாதை அவருக்கு உண்டு. அவர் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் ரசிகர்கள் கேட்டிருப்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் சொல்லவில்லை.