இஃபேயின் தலைக்கு அந்தக் கப்பலில் என்ன வேலை?

2017இல் வெனிஸில் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் நடத்திய கண்காட்சியின் படங்களை நேற்று இரவு மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்காட்சியின் கதை தெரியாதவர்களுக்கு: அடிமையாக இருந்து விடுதலையாகிப் பெரும் பணக்காரனான, அந்தியோக்கியா என்ற பழங்கால நகரத்துக்காரன் ஒருவன், ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னால், சேர்த்த பொக்கிஷத்தையெல்லாம் ஒரு கப்பலில் ஏற்றுகிறான், கப்பல் மூழ்குகிறது, 2008இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கடலில் கண்டெடுக்கிறார்கள். அத்தனையும் புனைவு. கப்பலில் கிடைத்த பொக்கிஷம் என்று ஹர்ஸ்ட் வைத்தவை: வெண்கலத்தில் செய்து வண்ணம் பூசிய பவளம், பவளம் அப்பிய மிக்கி மவுஸ், 18 மீட்டர் உயரத்துக்குத் தலையில்லாத ஒரு பூதம்! இப்படி ஒரு பழங்காலத்தையே இட்டுக்கட்ட எந்தக் கலைஞனுக்கும் உரிமை உண்டு, எனக்கு அது பிடித்தும் இருந்தது.

ஆனால் அந்தப் பொக்கிஷங்களுக்கு நடுவே இருந்த தங்கத் தலை? பார்த்ததுமே தெரிகிறது, அது நைஜீரியாவின் பழைய நகரமான இஃபேயின் சிற்பத் தலை. அதே ஆண்டு வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சிக்கு நைஜீரியா சார்பில் வந்திருந்த கலைஞர் விக்டர் எஹிகாமெனோர் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். பார்ப்பவர்கள் இதை ஹர்ஸ்டின் படைப்பாகத்தான் நினைவில் வைப்பார்கள் என்ற அவருடைய கவலை முழுக்க நியாயமானது.

கண்காட்சிக் குறிப்பில் இஃபே பெயர் இருந்ததே, கிரேக்கப் புராணத்தில் வரும் பாம்புக் கூந்தல்காரி மெடூசாவையும்தானே ஹர்ஸ்ட் எடுத்தார் என்று கேட்கலாம். சரி, மெடூசாவை யாருக்குத் தெரியாது? அவளைப் பார்த்ததும் கிரேக்கம் என்று புரிந்துவிடும். இஃபேயை அங்கே வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? எல்லாமே பொய் என்று சொல்லி அழைத்துப்போகும் இடத்தில் ஒரு சின்னக் குறிப்பை யார் நம்புவார்கள்?

இஃபேக்கு இது முதல்முறையும் இல்லை. 1910இல் அங்கே போன ஜெர்மானிய இனவியல் ஆய்வாளர் லியோ ஃப்ரோபேனியஸ் அந்தச் சிற்பங்களைப் பார்த்து வியந்துவிட்டு, இது ஆப்பிரிக்கர் வேலையாக இருக்காது என்று, கடலில் மூழ்கியதாகக் கிரேக்கக் கதை சொல்லும் அட்லாண்டிஸின் கணக்கில் எழுதிவைத்தார். இருந்த ஒரு நாகரிகத்தின் கைவேலையை இல்லாத ஒன்றுக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்று. அப்புறம் 1938இல் அதே ஊரில் வீடு கட்டத் தோண்டிய இடத்தில் வரிசையாக உலோகத் தலைகள் கிடைத்தன. நூறு வருஷம் கழித்து மறுபடியும் ஒரு கடல், மறுபடியும் மூழ்கிய ஒரு கற்பனை, அதற்குள் அதே முகம். எனக்கு ஆறவேயில்லை.

அந்த 1938 தலைகளில் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, படத்தைத் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். முகம் முழுக்க மெல்லிய கோடுகள் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. உதட்டில் மட்டும் ஒரு கோடுகூட இல்லை.