மேசையை ஆட்டும் குழந்தைகள்

2011 மார்ச்சில் ஜப்பானை நிலநடுக்கமும் சுனாமியும் புரட்டிப் போட்ட பிறகு, அங்கே சின்னக் குழந்தைகள் புதிதாக ஒரு விளையாட்டு விளையாட ஆரம்பித்தார்கள். ஒருத்தன் மேசையைப் பிடித்து ஆட்டுவான். இன்னொருத்தி "சுனாமி வருது" என்று கத்துவாள். எல்லாரும் நாற்காலி மேல் ஏறிக்கொள்வார்கள். பார்த்த பெரியவர்களுக்கு ஈரக்குலை நடுங்கியது. ஆனால் மனநல மருத்துவர்கள், அதட்டி நிறுத்தாதீர்கள் என்றுதான் சொன்னார்கள்.

எனக்கு அது சரியென்றே படுகிறது. அன்று வெள்ளம் எப்போது வரும், எப்போது போகும் என்பது குழந்தையின் கையில் இல்லை. இந்த விளையாட்டில் அதை வரவைப்பதும் அவன்தான், போதும் என்று நிறுத்துவதும் அவன்தான்.

இப்படி ஒரு பேரிடரைப் பார்த்த பிள்ளைகளிடம் நாம் என்ன செய்கிறோம்? ஏழு வயதுப் பையன் திரும்பவும் படுக்கையை நனைத்தால் திட்டுகிறோம். கழிப்பறை வரைக்கும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டே போனால் "பெரிய பையன்தானே நீ" என்கிறோம். தினமும் காலையில் வயிற்றுவலி என்றால் பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கிறான் என்று முடிவே கட்டிவிடுகிறோம். பயத்தைச் சொல்ல வார்த்தை கிடைக்காதபோது உடம்பு சொல்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், அடம்பிடிக்காமல் அழாமல் இருக்கிற பிள்ளையை "எவ்வளவு சமத்து!" என்று மெச்சுகிறோம். எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்தால்தான் அதிகக் கவலை. அம்மா ஏற்கெனவே உடைந்து கிடக்கிறாள், நாமும் அழுதால் தாங்கமாட்டாள் என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"சின்னப் பிள்ளைதானே, மறந்துடும்" என்பவர்களுக்கு ஒன்று. 1966இல் வேல்ஸின் அபெர்ஃபான் ஊரில் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளியை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். தப்பியவர்களில் 41 பேரை 33 ஆண்டுகள் கழித்து ஆய்வு செய்தபோது, 12 பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு அப்போதும் இருந்தது.

இதைப் படித்துப் பதறவும் வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். அதற்காக உட்காரவைத்து "அன்னைக்கு என்ன பார்த்தே, சொல்லு" என்று துருவுவது வேறு வகைக் கொடுமை. நடந்ததை உடனே ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. அதற்குப் பதில் டிவியை அணைக்கலாம். திரும்பத் திரும்பக் காட்டுகிற அலை பழைய அலைதான் என்பது நாலு வயதுக்குத் தெரியாது. வேளைக்குச் சாப்பாடு, அதே நேரத்துக்குத் தூக்கம், முடிந்தவரை சீக்கிரம் பள்ளி.

அப்புறம் அந்த விளையாட்டைக் கவனியுங்கள். ஒரு நாள் யாராவது அதில் ஒரு படகைக் கொண்டுவந்து, மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிக்கொண்டு போனால் நல்ல சேதி. மாதக்கணக்காக எல்லாரும் மூழ்கியே முடிகிறார்கள், ஆடி முடித்த பிள்ளையின் முகத்திலும் தெளிவில்லை என்றால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.