நான் தனியாகத்தான் விளையாடுவேன்

தமிழில் வீடியோ கேம் ஆடி லைவ் போடுகிற ஒருவர் சனிக்கிழமை ராத்திரி போட்ட அந்த லைவ் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த இடத்தை மட்டும் வெட்டி, கிளிப்பாக எனக்கே அனுப்பி, "அண்ணே, உங்களைத்தான் சொல்றாரு" என்று ஆளாளுக்கு டேக் செய்துகொண்டே இருக்கிறீர்கள். பார்க்காதவர்கள் இங்கே குறைவு, அதனால் முழுக்கதையும் சொல்லவில்லை. மற்ற ஆட்களோடு மோதாமல் தனியாக ஆடுகிற, அதாவது சிங்கிள் பிளேயர், கதை கேம் ஒன்றை ஆடச் சொல்லி நான் எழுதிய கமென்ட்டை அவர் என் பெயரோடு வாசித்தார். சிரித்தார். "சிங்கிள் பிளேயர் ஆடுறவன்லாம் கேமரே இல்ல ப்ரோ, தோக்கப் பயந்தவன்" என்றார். கூட இருந்தவர்களும் மைக்கில் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சாட்டில் ஓடிய வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். என் தங்கையும் இதைப் படிப்பாள்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவரை நான் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். நல்ல கை அவருக்கு. இரண்டு அணிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போது மூன்றாவதாக எப்போது உள்ளே நுழைய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த மாதிரி தமிழில் லைவ் போடுகிற வேறு யாருக்கும் தெரியாது. வேறு யாரோ சொல்லியிருந்தால் கடந்து போயிருப்பேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் போட்டி ஆட்டம் வேண்டாம். ஆடத் தெரியாமல் ஒதுங்கவில்லை, பயந்து ஒதுங்கவில்லை. வேண்டாம், அவ்வளவுதான். ஒருவனுக்கு ஒன்று வேண்டாம் என்றால் அதற்குப் பின்னால் ஒரு குறை இருந்தே ஆக வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்?

தோற்கப் பயமாம். எல்டன் ரிங் என்கிற வாள்சண்டை கேம் 2022 பிப்ரவரியில் வந்தது. அதில் மலேனியா என்று ஒருத்தி வருவாள். அவள் வாள் நம் மேல் பட்டால் அவள் உயிர் கூடும். கேடயத்தால் தடுத்தாலும் கூடும். காற்றில் எழும்பி அடுக்கடுக்காக வெட்டுகிற ஒரு தாக்குதல் வைத்திருக்கிறாள், அதில் மாட்டினால் பெரும்பாலும் கதை முடிந்தது. எப்படியோ அவளை வீழ்த்திவிட்டோம் என்று மூச்சு விட்டால், இன்னொரு வடிவத்தில், முழு உயிருக்குக் கொஞ்சம் குறைவாக, எழுந்து வருவாள். இத்தனைக்கும் அவளை வெல்லாமலே கதையை முடிக்கலாம், கட்டாயமே இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க ஆட்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அவளிடம் செத்தார்கள். நானும் செத்தேன். அங்கே தோற்றால் பழி போட ஆள் கிடையாது. "டீம் சரியில்ல", "நெட் இழுத்துடுச்சு", "எதிராளி ஹேக் போட்டான்" என்று எதுவும் சொல்ல முடியாது. நான் சரியான நேரத்தில் உருண்டு விலகவில்லை, செத்தேன். திரும்பப் போக வேண்டும். தோல்வியை இதைவிட நேராகப் பார்க்கிற ஆட்டம் எது என்று அவரே சொல்லட்டும்.

"எல்டன் ரிங்கிலும் ஆன்லைன் இருக்கே" என்று கீழே எழுதப்போகிறவருக்கு: இருக்கிறது. நான் ஆஃப்லைனில்தான் ஆடினேன்.

நாமெல்லாம் எங்கே தொடங்கினோம் என்பதாவது நினைவிருக்கிறதா? பிரவுசிங் சென்டரில் முதலில் பழகியது ஐஜிஐ. 2000-ல் நார்வேக்காரர்கள் செய்த துப்பாக்கிச் சண்டை கேம். மல்டிபிளேயர், அதாவது பல பேர் இணைந்து ஆடுவது, அதில் கிடையவே கிடையாது. ஒரு மிஷன் நடுவில் சேவ் செய்யவும் முடியாது. கண்காணிப்புக் கேமராவில் மாட்டி அலாரம் அடித்துவிட்டால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், கடைசி வாசலில் சுடப்பட்டால் முதலிலிருந்து ஆட வேண்டும். பின்னால் நிற்கிற பையன்கள் "இடது பக்கம் டவர்ல ஒருத்தன் இருக்கான் பாரு" என்று கத்துவார்கள். அதுவும் கூட்டாக விளையாடியதுதான். யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை. அப்போது எங்களை எல்லாரும் கேம் பைத்தியம் என்றார்கள், கேமரே இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் போட்டி ஆட்டம் ஆடாதவனும் இல்லை. ஊரடங்கு சமயத்தில் அத்தை மகன்கள், ஆபீஸ் ஆட்கள் என்று ஒரு அணி வைத்து ஐந்து பேராக ராத்திரி முழுக்க ஆடியிருக்கிறோம். அந்த கேமின் பெயர் வேண்டாம். ஒரு நாள் ராங்க் மேட்ச், அதாவது ஜெயித்தால் தரவரிசையில் ஏற்றி, தோற்றால் இறக்குகிற ஆட்டம், ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மா உள் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குத் தெரியும், சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கை நடுக்கம் நின்று, அம்மா தெளிவாகப் பேசுகிறவரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மேட்ச் தோற்றிருந்தது. பாதியில் விட்டுப் போனதற்கு எனக்குத் தண்டனை, கொஞ்ச நேரத்துக்கு அடுத்த மேட்சில் சேர முடியாது. அது விதி, போகட்டும். அணிக் குழுவில் வந்திருந்த செய்திகள்தான் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன. முன்பின் தெரியாதவன் திட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். என் வீட்டில் சாப்பிட்டவன், என் அம்மா கையால் சாப்பிட்டவன், அதே அம்மாவைச் சேர்த்துத் திட்டியிருந்தான். காரணம் சொன்ன பிறகு "சாரி மச்சி" என்று ஒரு வரி போட்டான். அடுத்த வரியிலேயே "அடுத்த மேட்ச் எப்போ?" என்று கேட்டான்.

எனக்கு நிறுத்துகிற வசதி வேண்டும். குக்கர் விசில், காலிங் பெல், அம்மா, ஆபீஸ் போன், எது வந்தாலும் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு எழுந்து போக முடிய வேண்டும். திரும்பி வரும்போது கேமில் நான் விட்டுப்போன குதிரை அதே மலைச்சரிவில் நிற்க வேண்டும். முப்பது வயதைத் தாண்டி வீட்டுப் பொறுப்பு இருக்கிற யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த சாட்டில் இன்னொன்று ஓடியது: "கதை கேம்னா யூடியூப்ல பாத்தாலே போதுமே, எதுக்கு ஆடணும்?" இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. 2018-ல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, ஆர்தர் என்கிற கொள்ளைக்காரனாக நாம் ஆடுகிற கேம். இன்னும் ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். தொடக்கத்தில் ஒரு சாதாரணக் கடன் வசூல் வேலை வரும். வாங்கிய பணத்தைத் திருப்பித் தர முடியாத ஒரு நோயாளியை ஆர்தர் அடிப்பான். அடிக்கிற பட்டனை அழுத்துவது நாம்தான். அந்த ஆள் முகத்துக்கு நேரே இருமுவான். அத்தோடு அந்த வேலை முடிந்தது, நாமும் மறந்துவிட்டு வேட்டைக்கும் ரயில் கொள்ளைக்கும் போய்விடுவோம். மணிக்கணக்கில் ஆடின பிறகு ஆர்தருக்குக் காச நோய் என்று டாக்டர் சொல்லும்போதுதான் அது எங்கே ஒட்டியது என்று புரியும். யூடியூபில் பார்க்கிறவனுக்கு அது ஆர்தர் செய்த காரியம். எனக்கு அது என் விரல் செய்த காரியம். அந்த ராத்திரி நான் கேமை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எந்த ராங்க்கும் எனக்கு அதைச் செய்ததில்லை.

கேரம் ஆடுகிறவர், மூலையில் புத்தகம் படிக்கிறவரைப் பார்த்து "எதிராளி யாரு, எத்தனை பாயின்ட்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அன்றைக்கு என்னிடம் கேட்டது அதைத்தான்.

"மல்டிபிளேயர்ல நட்பு கிடைக்குதே." கிடைக்கிறது. மறுக்கவில்லை.

"கதை கேம் நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய், போன்ல இலவசமா ஆடுறவன் எங்க போவான்?" இந்தக் கேள்வி நியாயமானது. கம்ப்யூட்டரோ கன்சோலோ இல்லாத வீடுகள்தான் நம் ஊரில் அதிகம். கையில் இருக்கிற போனில் ஓடியதைத்தான் பையன்கள் ஆடினார்கள், அதில் எந்தக் கேவலமும் இல்லை. ஆனால் இலவசம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேமில் துப்பாக்கிக்கு அலங்காரச் சட்டை மாட்டுவதற்கு எத்தனை பையன்கள் அப்பா போனிலிருந்து யூசி என்கிற பப்ஜி நாணயம் வாங்கி அடி வாங்கினார்கள் என்று உங்கள் தெருவிலேயே விசாரியுங்கள். 2017-ல் ஆக்டிவிஷன் என்கிற கேம் நிறுவனத்துக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. புதிதாக ஆடுகிறவரை, காசு கொடுத்து வாங்கக்கூடிய ஆயுதம் வைத்திருக்கிற தேர்ந்த ஆட்டக்காரரோடு கோர்த்துவிட்டு, அதைப் பார்த்து இவரையும் வாங்க வைக்கிற முறை அது. எந்த கேமிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. சரி. ஆனால் அப்படி ஒன்றை உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே. இன்னொரு பக்கம், விட்சர் 3 என்கிற கதை கேம் தள்ளுபடியில் சில நூறு ரூபாய்க்கு வருகிறது. ஒருமுறை வாங்கினால் நூறு மணி நேரம் ஆடலாம், அதற்கு மேல் யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

இன்னொன்று, சர்வர், அதாவது ஆன்லைன் கேமை ஓட்டுகிற கம்ப்யூட்டர், யார் கையில் இருக்கிறது என்பது. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைலுக்கு இந்தியாவில் தடை வந்ததே, அன்றைக்கு உங்கள் ராங்க் என்ன ஆனது? யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ, 2014-ல் வந்த கார் ஓட்டுகிற கேம். தனியாக ஓட்டவும் சர்வர் வேண்டும் என்று செய்து வைத்திருந்தார்கள். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை அணைத்தார்கள், காசு கொடுத்து வாங்கியவனும் ஆட முடியாமல் போனான். அதே 2024 ஆகஸ்டில் சோனி கொண்டுவந்த கான்கார்ட், ஆளோடு ஆள் மோதுகிற போட்டி கேம், 23-ஆம் தேதி வந்து செப்டம்பர் 6-ஆம் தேதி மூடப்பட்டது. இரண்டே வாரம். அது வருவதற்கு மூன்று நாள் முன்னால் சீனாவிலிருந்து பிளாக் மித்: வுகாங் வந்தது. ஒருவர் தனியாக ஆடுகிற குரங்கு ராஜா கதை. சில நாட்களிலேயே ஒரு கோடிப் பிரதி விற்றது. அந்த ஒரு கோடிப் பேரும் பயந்தவர்களா?

சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. விற்பனைக் கணக்கு காட்டித்தான் என் விருப்பத்தை நிரூபிக்க வேண்டும் என்றால் அதுவே எனக்கு அவமானம். ஒரே ஒரு ஆள் ஆடினாலும் நான் தனியாகத்தான் ஆடுவேன்.

ராங்க் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அர்பட் எலோ என்கிற இயற்பியல் பேராசிரியர் சதுரங்கத்துக்காக ஒரு கணக்கு வகுத்தார், இன்றைய ராங்க் முறைகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. நீங்கள் ஜெயிக்க ஜெயிக்க உங்களைவிட வலுவான ஆட்களோடு கோர்க்கும். எவ்வளவு முன்னேறினாலும் ஏறக்குறைய பாதி வெற்றி, பாதி தோல்வி என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அதற்குள் சீசன் முடிந்துவிடும். ராங்க்கைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏறச் சொல்லும். இதை ரசிக்கிறவர்கள் ரசிக்கட்டும்.

எனக்கு ராங்க் என்றாலே பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வருகிறது. ராங்க் வரிசையில் உட்கார வைத்த வகுப்பறை. அப்பா கையெழுத்துக்காக ராங்க் கார்டை நீட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற சாயங்காலங்கள். அப்புறம் கட் ஆஃப். அப்புறம் வேலை. இப்போதும் ஆபீஸ் சுவரில் ஒரு பலகை இருக்கிறது, மாதா மாதம் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் யாரோ ஒருவர் என்னை அளந்துகொண்டே இருக்கிறார். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அம்மா தூங்கின பிறகு எனக்கென்று கிடைக்கிற அந்த நேரத்திலும் நான் அளக்கப்பட வேண்டுமா? அங்கேயும் முன்பின் தெரியாத ஒருவனிடம் "நூப்", ஆடத் தெரியாதவன், என்று பேச்சு வாங்க வேண்டுமா? என் தங்கை ஒரு நாள் ஆன்லைன் மேட்சில் மைக்கைத் திறந்து "ரைட்ல ரெண்டு பேர்" என்று சொன்னாள். பெண் குரல் என்று தெரிந்ததும் கூட ஆடியவர்கள் பேசிய பேச்சில், அதற்குப் பிறகு அவள் மைக்கைத் திறந்ததே இல்லை. அவளையும் தோற்கப் பயந்தவள் என்றுதான் சொல்வீர்களா?

இப்போது என் கமென்ட் விஷயம். நான் என்ன எழுதினேன் என்பது அந்தக் கிளிப்பில் சரியாகக் கேட்காது, அவர் வாசிக்கும்போதே சிரித்துவிட்டார். "அண்ணா, ஒரு நாள் வெண்பா ஆடுங்க, தமிழ்க் குடும்பக் கதை, ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்றுதான் எழுதியிருந்தேன்.

வெண்பா 2023 ஜூலையில் வந்தது. கனடாவில் இருக்கிற ஒரு சின்னக் குழு செய்தது. எண்பதுகளில் அங்கே குடிபோகிற தமிழ்க் குடும்பம், அம்மா பெயர் வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். அம்மாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கும். விட்டுப்போன இடத்தை நாமே யோசித்து நிரப்பிச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும் என்பதுதான் அங்கே புதிர். என் அம்மா பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு "துளையைப் பாத்து மாத்தி வைடா" என்றார்கள். அதுவரைக்கும் நான் ஆடிய எந்த கேமையும் அம்மா நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு முடிகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. கவின் வளர்ந்து, அம்மாவிடம் தமிழில் பேசத் தயங்குகிற கட்டம் வந்தபோது, துபாயில் இருக்கிற என் அண்ணன் பிள்ளைகளின் பெயரைச் சொன்னார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. 2024-ல் அந்த கேமுக்கு அறிமுகப் படைப்புக்கான, பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. தமிழ்ச் சமையலறையை வைத்துச் செய்த ஒரு கேமுக்கு லண்டனில் விருது. தமிழில் கேம் பேசி வளர்ந்து, இத்தனை தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருக்கிற ஒருவருக்கு அதற்காக ஒன்றரை மணி நேரம் இல்லை. சரி, நேரம் இல்லாமல் போகலாம். சிரிப்பதற்கு என்ன இருந்தது?

அவர் ஆட வேண்டாம், இனிமேல் கேட்கவும் மாட்டேன். இன்பாக்ஸில் வந்து "ஒன் வெர்சஸ் ஒன் வாடா" என்று கூப்பிடுகிறவர்களுக்கும் பதில் போடப்போவதில்லை. மற்றவர்களுக்கு: வெண்பா பிசியில் இருக்கிறது, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸிலும் இருக்கிறது. வீட்டில் அம்மா இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் அழிந்துபோன வரி எங்கேயாவது புரியவில்லை என்றால் கீழே கேளுங்கள், எனக்குத் தெரியாததை அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.