40 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வில் உதவி கிடையாதா?

"ஊனச் சான்றிதழில் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், தேர்வில் நாம் சொல்வதை எழுதும் உதவியாளரைக் கேட்க முடியாது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

அந்த 40 சதவீதம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு வைத்த அளவு. தேர்வு வசதி வேறு விஷயம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் உதவியாளர் மறுக்கப்பட்டதால் வழக்குப் போட்டார். இந்த அளவைக் காட்டி உதவியை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் வழிகாட்டுதலும் வந்தது: எழுதச் சிரமம் என்று அரசு மருத்துவச் சான்று இருந்தால் உதவியாளர் உண்டு, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வென்றால் முழுசாக ஒரு மணி நேரம்!

சரி, கல்லூரி மறுத்தால்? அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். புகாரைப் பதிவு செய்து இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு பதிவேட்டில் ஏறாது. அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்டக் குழு, மாநில ஆணையர் என்று மேலே போகலாம்.