கையடக்க கேமிங் கருவிக்கு லினக்ஸ் போதும்

கேம் விளையாட எந்த இயங்குதளம் நல்லது, விண்டோஸா லினக்ஸா என்று ஒரு கட்டுரை படித்தேன். கையில் வைத்து விளையாடும் கருவிக்கும் விண்டோஸ்தான் சரி என்று அது முடிகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நான் இலங்கையில் ஹட்டன் பக்கம். 2022இல் வெளிவந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேமிங் கருவியை வெளிநாட்டில் இருக்கும் மாமா கொண்டு வந்து தந்தார். அதில் இருப்பது லினக்ஸின் ஒரு வகையான ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம் ஓஎஸ் என்ற இயங்குதளம். விண்டோஸுக்காகச் செய்த கேம்களை அதில் ஓட வைப்பது புரோட்டான் என்ற மென்பொருள். திரையில் படம் வரைய விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் முறையில் கேம் கேட்பதை, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் முறைக்கு அது மாற்றிக் கொடுக்கிறது. 2018இல் ஸ்டீம் டெக்கின் நிறுவனமான வால்வ் இதை வெளியிட்டபோது நான் நம்பவே இல்லை. இப்போது என்னிடமுள்ள கேம்களில் பெரும்பாலானவை எதையும் மாற்றாமலே ஓடுகின்றன.

அதைவிட எனக்குப் பெரிய விஷயம், பவர் பட்டனை ஒரு தரம் அழுத்தினால் கேம் அப்படியே உறங்கிவிடும். பதுளை ரயிலில் நானுஓயாவில் நிறுத்தியதை எல்லவில் அதே இடத்திலிருந்து தொடரலாம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் திரை நொடிக்கு 40 தடவை மட்டும் புதுப்பிக்கும்படி (40 ஹெர்ட்ஸ்) குறைத்துவிடுவேன். பேட்டரி இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

வாலரண்ட் என்ற ஆன்லைன் கேமை விளையாடுபவர்களுக்கு விண்டோஸ் வேண்டும்தான், ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் அதன் மென்பொருள் லினக்ஸில் இயங்காது. சரி, அதற்காக எல்லோருக்கும் விண்டோஸையே சொல்ல வேண்டுமா?

அப்புறம், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததைக் கட்டுரை சொல்லவே இல்லை. தம்பியின் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸின் இன்னொரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன், ஏ.எல். (உயர்தரப்) படிப்புக்கு அதைத்தான் பாவிக்கிறான்.