யானைக்கு ரிமோட் ஷாக்கா? அந்த வாட்ஸ்அப் ஆடியோ பொய்

தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கத்து குரூப்புகளில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. யானைக் கழுத்தில் மாட்டும் பட்டையில் கரண்ட் இருக்கிறதாம், ஆபீஸில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் ஷாக் அடித்து யானை காட்டுக்குள் திரும்பிவிடுமாம், அப்படியும் ராகிக் காட்டுக்குள் யானை வந்தால் வனத்துறை வேண்டுமென்றே விட்டதாம்.

அப்படி எதுவும் இல்லை. அது ரேடியோ காலர். பட்டையின் மேல்பக்கம் வானத்தைப் பார்த்தபடி ஜிபிஎஸ் இருக்கும், அது நழுவாமல் இருக்கத்தான் கீழே கனமான பெட்டி தொங்கும், போட்டோவில் பார்த்திருப்பீர்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை யானை இருக்கும் இடத்தை அனுப்பும், அவ்வளவுதான். அதுவும் மயக்க ஊசி போட்டுத்தான் மாட்ட முடியும், அதனால் எல்லா யானைக்கும் கிடையாது.

நம்பவில்லையா? 2023 பிப்ரவரியில் நம்ம பாலக்கோட்டில் பிடித்த மக்னா யானையை (தந்தமில்லாத ஆண் யானை) நினைத்துப் பாருங்கள். காலரோடு ஆனைமலைக் காட்டில் விட்டார்கள், அது பாட்டுக்கு நடந்து கோவைக்கே போய்விட்டது, மறுபடி மயக்க ஊசி போட்டுத்தான் பிடித்தார்கள். பட்டன் இருந்திருந்தால் அழுத்தியிருக்க மாட்டார்களா? அந்த மாதப் பத்திரிகைகளிலேயே எல்லாம் இருக்கிறது, இல்லையென்றால் பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்.

ஷாக் அடிப்பது காலர் இல்லை, திருட்டு மின்வேலிதான். அதே 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் செத்தது அப்படித்தான்.

சரி, அந்த ஆடியோ வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் பொய் என்று சொல்லிவிடுங்கள்.