பில்தாத் சொன்னது வாக்குத்தத்தமா?

எங்க பக்கம் கிறிஸ்தவங்க புதுசா கடை திறந்தா போர்டுல, புது ஆட்டோ எடுத்தா பின்னாடி கண்ணாடில, வீடு பிரதிஷ்டை அழைப்பிதழ்ல, எங்க பாத்தாலும் ஒரு பைபிள் வசனம் இருக்கும். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு புத்தகம், 8:7. புது வருஷ ராத்திரி வாட்ச் நைட் சர்வீஸ் முடிஞ்சு, இந்த வருஷத்துக்கு ஆண்டவர் தர்ற வாக்குன்னு எடுக்கிற வாக்குத்தத்த கார்டுலயும் இது இல்லாம இருக்காது, காலைல அஞ்சு மணிக்கே வாட்ஸ்அப்ல சூரிய உதயம் போட்டோ மேல மஞ்சள் எழுத்துல வந்து விழுறதுலயும் இது உண்டு. தமிழும் நல்லா இருக்கு, நான் மறுக்கல. ஆனா இதை யார் சொன்னதுன்னு சபைல நாலு பேர்கிட்ட கேட்டுப் பாருங்க. ஆண்டவர் சொன்னதும்பாங்க, கொஞ்சம் விவரமானவங்க யோபு சொன்னதும்பாங்க.

சொன்னது பில்தாத்.

யோபைப் பாக்க வந்த மூணு சிநேகிதர்ல ஒருத்தன். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாள்ல பறிகொடுத்துட்டு, உடம்பெல்லாம் பருவோட சாம்பல்ல உக்காந்து ஓட்டாலே சொறிஞ்சிகிட்டு இருக்கிற மனுஷன்கிட்ட வந்து, உன் பிள்ளைங்க பாவம் பண்ணிருப்பாங்க அதான் அப்படி ஆச்சு, நீ மட்டும் சுத்தமா இருந்தா ஆண்டவர் எல்லாத்தையும் திருப்பித் தருவாருன்னு பேசுற ஆளு. பிள்ளைங்களைப் பத்தின அந்தப் பேச்சு 4ஆம் வசனம், நம்ம ஃப்ரேம் போட்டு மாட்டிருக்கிறது 7ஆம் வசனம், நடுவுல ரெண்டே வசனம்தான் இருக்கு. கடைசில 42ஆம் அதிகாரத்துல ஆண்டவரே வந்து, என் தாசன் யோபு பேசின மாதிரி நீங்க என்னைப் பத்திச் சரியா பேசலன்னு இந்த மூணு பேர் மேலயும் கோபப்படுறாரு. ஆண்டவர் கோபப்பட்ட பேச்சை நம்ம லேமினேட் பண்ணி வச்சிருக்கோம்.

உடனே ஒருத்தர் வருவாங்க, "பிரதர், யோபுக்கு முடிவு சம்பூரணமாத்தானே ஆச்சு, முன்னைவிட பின்னிலைமையை ஆசீர்வதிச்சாருன்னு அதே 42ல இருக்கே"ன்னு. ஆமா இருக்கு. நான் இதை நிறைய யோசிச்சேன். பில்தாத் சொன்னது பலிச்சது, ஆனா பில்தாத் சொன்ன காரணத்துக்காக பலிக்கல. அந்தப் புத்தகத்தோட விஷயமே அதுதான். சரியான வார்த்தையைத் தப்பான ஆளு, தப்பான நேரத்துல, சாவு வீட்டுல வந்து சொல்றான். இது முழுசா வாசிச்சாதான் பிடிபடும், கார்டுல பிடிபடாது. இன்னைக்கும் சாவு வீட்டுக்குப் போயி "எதாவது அறிக்கை செய்யாத பாவம் இருக்கா பாருங்க"ன்னு கேக்கிற ஆட்கள் நம்ம நடுவுல இருக்காங்க, அவங்க வீட்டு ஹால்லயும் யோபு 8:7 தொங்குது.

எரேமியா 29:11க்கும் இதே கதைதான். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பரீட்சைக்குப் போற பிள்ளைக்கு, விசா இன்டர்வியூக்குப் போற மாப்பிள்ளைக்கு, எல்லாருக்கும் இதான். அதுக்கு முந்தின வசனத்துல எழுபது வருஷம்னு இருக்கு! அது பாபிலோனுக்குச் சிறையா கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம். வீட்டைக் கட்டுங்க, தோட்டம் போடுங்க, கல்யாணம் பண்ணுங்க, பிள்ளை பெறுங்க, உங்களைப் பிடிச்சிட்டு வந்த அந்த ஊருக்காகவே ஜெபம் பண்ணுங்க, ஏன்னா இப்போதைக்கு திரும்பி வரப்போறது இல்ல. அதைக் கேட்டவங்கள்ல பெரியவங்க பாதிப்பேர் பாபிலோன்லதான் செத்திருப்பாங்க. இதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தன் ஆலயத்துல நின்னு, ரெண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துரும்னு தீர்க்கதரிசனம் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கித்தான் இருக்கணும்ங்கிறதுக்கு அடையாளமா எரேமியா கழுத்துல கிடந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். கூட்டம் யாருக்குக் கை தட்டிருக்கும்னு நினைக்கிறீங்க? இன்னைக்கு அனனியாவுக்கு யூடியூப் சேனல் இருந்திருந்தா சப்ஸ்கிரைபர் அள்ளியிருப்பான், எரேமியா லைவ் போட்டா பத்து பேர் பாத்திருப்பாங்க, அதுலயும் ரெண்டு பேர் "நெகட்டிவா பேசாதீங்க பாஸ்டர்"னு கமெண்ட் போட்டிருப்பாங்க. வருஷா வருஷம் டிசம்பர் கடைசில வர்ற தீர்க்கதரிசன வீடியோக்களைப் பாக்கிறப்பல்லாம் எனக்கு அந்த உடைஞ்ச நுகம்தான் ஞாபகம் வரும்.

சரி இதெல்லாம் ஏன் நம்ம கண்ணுல படறதில்ல? பைபிள் வாசிக்காததாலன்னு சொல்ல மாட்டேன், தினமும் வாசிக்கிறவங்க ஏராளம். வாசகரா வாசிக்கிறதில்ல, அதான். பேசுறது யாரு, கேக்கிறது யாரு, என்ன சூழ்நிலை, இந்த ஆளு சொல்றதை எழுதினவரு ஒத்துக்கிறாரா இல்லையா, இதெல்லாம் கவனிக்கிற பழக்கம் கதை படிச்சு வர்றது. ஒரு நல்ல நாவல் படிச்சவனுக்கு, ஒரு பாத்திரம் பேசுறதெல்லாம் ஆசிரியரோட கருத்து இல்லைன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனா நம்ம வளர்ந்த வீடுகள்ல கதைப் புத்தகம் உலகப்பிரகாரமானது, அதாவது விசுவாசிக்கு ஆகாதது. சண்டே ஸ்கூல்ல மனப்பாட வசனத்துக்குப் பரிசு உண்டு, அந்த வசனம் எங்க ஆரம்பிச்சு எங்க போகுதுன்னு கேட்ட பிள்ளைக்கு "நிறைய கேள்வி கேக்காத"ன்னு பதில். அதே வீட்டுல இன்னைக்கு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் எல்லார் கைலயும் ரீல்ஸ் ஓடுது, அதை யாரும் உலகம்னு சொல்றதில்ல, நடுநடுவுல ஒரு பிரசங்க கிளிப் பின்னணி இசையோட வந்துட்டுப் போறதால அது பரிசுத்தமாயிடுச்சு போல.

இது நம்ம ஜனத்துக்கு மட்டும் வந்த நோய் இல்ல. கலாம் சொல்லாததெல்லாம் கலாம் பேர்ல சுத்துது, அம்பேத்கரை ஒரு பக்கம்கூட படிக்காதவங்க அவர் வரியை ஸ்டேட்டஸ் வைக்கிறாங்க. காலம் அப்படி. ஆனா நமக்கு வந்தா கூடுதலா வெக்கப்படணும்னு எனக்குத் தோணும், ஏன்னா புத்தகத்தால உண்டான ஜனம் நம்ம. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706ல தரங்கம்பாடில வந்து இறங்கினாரு, 1715ல புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாகி முடிஞ்சுது. இது எல்லாருக்கும் தெரியும், மேடைக்கு மேடை சொல்றோம். சொல்லாம விடுறது என்னன்னா, அந்த மனுஷன் தமிழ் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேத்து, வாசிச்சு, எதுல என்ன இருக்குன்னு 1708லயே ஒரு பட்டியல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினவரு. அஞ்சு வருஷம் கழிச்சு இங்க உள்ள தெய்வங்களைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதி ஜெர்மனில இருக்கிற ஹாலே பட்டணத்துக்கு அனுப்புறாரு. அங்க இருந்து மிஷனுக்கு ஆதரவா நின்ன பெரியவர் பிராங்கே, புறஜாதி மார்க்கத்தை வேரோட பிடுங்கத்தான் உங்களை அனுப்பினோம், அதோட கட்டுக்கதையை இங்க பரப்ப இல்லைங்கிற மாதிரி சொல்லி மூட்டை கட்டி வச்சிட்டாரு. அது அச்சுல வர 1867 ஆச்சு, அதுவும் சென்னைல. பாத்தீங்களா, "உலகப் புத்தகம் எதுக்கு"ங்கிற குரல் அப்பவே இருந்திருக்கு. ஆனா இங்க வெயில்ல உக்காந்து சுவடி வாசிச்சவரு அந்தக் குரலோட ஆளு இல்ல.

அப்போஸ்தலன் பவுல் மட்டும் என்ன? கிரேக்கர்களோட அத்தேனே பட்டணத்துல நின்னு "நாம் அவருடைய சந்ததியார்"னு உங்க கவிஞர்கள்லயே சிலர் சொல்லிருக்காங்களேன்னு பேசுறாரு. அந்த வரி அராத்தஸ்ங்கிற கிரேக்கக் கவிஞனோடது, அவன் அதைப் பாடினது சேயுஸ் தெய்வத்தைப் பத்தி. நம்ம சபைல ஒரு ஐயர், அதாங்க போதகர், பிரசங்கத்துல ஆழ்வார் பாசுரத்துல ஒரு வரி எடுத்துச் சொல்லட்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள்ள பாஸ்டரேட் கமிட்டிக்கு எத்தனை போன் வருதுன்னு பாப்போம். சாகப்போற நேரத்துல தன் சீஷன் தீமோத்தேயுவுக்கு பவுல் எழுதுறப்பகூட மேலங்கியோட புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் எடுத்துட்டு வாப்பாங்கிறாரு. மேலங்கி சரி, குளிர்காலம். இன்னும் கொஞ்ச நாள்ல தலை போகப்போற மனுஷனுக்குப் புஸ்தகம் எதுக்கு? எனக்கு இது பெரிய ஆறுதல்.

நம்ம கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையையே எடுத்துக்கோங்க. திருநெல்வேலி பக்கம் கரையிருப்புல பொறந்த வைஷ்ணவர், 1858ல ஞானஸ்நானம் வாங்கினாரு. வாங்கினதும் கம்பனை ஆத்துல போட்டாரா? கம்பன் கையைப் பிடிச்சிட்டேதான் 1894ல இரட்சணிய யாத்திரிகம்ங்கிற காப்பியம் வந்துச்சு, அதுவும் ஆங்கிலத்துல ஜான் பனியன்ங்கிறவர் எழுதின கதையை அடியா வச்சு. அவரோட கிறிஸ்தவத் தேவாரப் பாட்டுகளை இன்னைக்கும் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள்ல உருகிப் பாடுற நம்மதான், பிள்ளை கம்பராமாயணம் பேச்சுப்போட்டிக்குப் பேர் கொடுத்தா மூஞ்சியைத் தூக்குறோம்.

போன் மேல எனக்குக் கோபம் இல்ல. கண்ணு தெரியாத எங்க அம்மா ஆடியோ பைபிள்லதான் சங்கீதம் கேக்குறாங்க, சத்தமா வச்சு தெருவுக்கே கேக்க வைக்கிறாங்க. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, கார்டு வந்தா அந்த அதிகாரத்தைத் திறங்க. பவுல் எழுதின பிலிப்பியர் நிருபம் முழுசும் நாலே அதிகாரம், ஒரு டீ ஆறுறதுக்குள்ள வாசிச்சிரலாம், "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு"ன்னு ஜிம்ல போட்டோ போடுற தம்பிங்களுக்கு அந்த "எல்லாவற்றையும்"ல பட்டினியும் அடக்கம்னு அப்பதான் தெரியும்.

போன லெந்துல எங்க வீட்டு மாடில வாலிபப் பிள்ளைங்க கொஞ்சப் பேரோட யோபை முதல்லேர்ந்து வாசிச்சோம். பிரசங்கம் கிடையாது, ஆளுக்கு ஒரு பாத்திரமா பிரிச்சு சத்தமா வாசிக்கிறது, அவ்வளவுதான். பில்தாத் பாகம் எடுத்த பையன் நடுவுல நிறுத்திட்டு "அண்ணே, இவன் எங்க பெரியப்பா மாதிரியே பேசுறாண்ணே"ன்னான், அன்னைக்கு அதுக்கு மேல வாசிப்பு ஓடல.

அந்த மூணு பேருக்கு அப்புறம் வந்து பேசுற எலிகூவை என்ன பண்றதுன்னுதான் எங்களுக்கு இன்னும் சண்டை. ஆண்டவர் மூணு பேரைக் கண்டிக்கிறாரு, யோபை ஏத்துக்கிறாரு, ஆறு அதிகாரம் விடாம பேசின எலிகூவைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அவன் சரியா, தப்பா, இல்ல பதில் சொல்லக்கூட லாயக்கில்லாத ஆளா? உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க, ஆனா 32லேர்ந்து 37 வரைக்கும் வாசிச்சிட்டுச் சொல்லுங்க.